ஏஐ கேமரா வந்ததும் டூட்டி பாயிண்ட்ல ஆளை குறைச்சிட்டாங்க, இப்ப திருட்டு போனதுக்கு எங்க சம்பளத்துல புடிக்கிறாங்க. கிருஷ்ணகிரி தர்மபுரி பக்கம் செக்யூரிட்டில இருக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்க

பர்கூர்_நைட்டூட்டி
சனி, இரவு 11.52

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும் தான் வருவேன், இன்னைக்கு எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க. நான் செக்யூரிட்டி சூப்பர்வைசர், மொத்தம் 11 வருஷ சர்வீஸ், இப்ப 4 வருஷமா கிருஷ்ணகிரிக்கும் பர்கூருக்கும் நடுவுல ஒரு மாங்கூழ் ஃபேக்டரில டூட்டி. கம்பெனி பேரு ஏஜென்சி பேரு ரெண்டும் கேக்காதீங்க, பசங்க வேலை போயிடும்.

போன வருஷம் வரைக்கும் நைட்டுக்கு 9 பேர் இருந்தோம். மெயின் கேட்ல 2, எடை மேடைல 1, கோல்டு ஸ்டோர் 1, பாய்லர் பக்கம் 1, பின்பக்க காம்பவுண்ட் 2, ரவுண்ட்ஸ் 1, அப்புறம் நான். இந்த வருஷம் சீசனுக்கு முன்னாடி ஏப்ரல்ல 24 ஏஐ கேமரா மாட்னாங்க. மே 1ல இருந்து 5 பேர். பின்பக்கம் ஆளே கிடையாது. யாராச்சும் செவுரு ஏறுனா கேமராவே கண்டுபுடிச்சிடும், பெங்களூர்ல கண்ட்ரோல் ரூம் இருக்கு, அங்க இருந்து உனக்கு போன் வரும், நீ போய் பாத்தா போதும்னாங்க. சரின்னு தான் நானும் நெனச்சேன்.

எங்க பின்பக்கத்துல தான் மாங்கொட்டையை கொட்டுவாங்க. சீசன்ல பெங்களூரா மாங்காய் வண்டி வண்டியா வந்து இறங்கும், கொட்டை மலை மாதிரி குவிஞ்சி கெடக்கும், அந்த புளிச்ச வாசத்துக்கு நாய், பன்னி, ஏரிக்கரைல இருந்து நரி எல்லாம் சாக்கடை ஓட்டை வழியா உள்ள வரும். முதல் வாரத்துல ஒரு ராத்திரி உக்காந்து எண்ணுனேன், 10 மணில இருந்து 4 மணிக்குள்ள என் போனுக்கு 131 அலெர்ட். முதல் நாள் ஒவ்வொண்ணுக்கும் டார்ச் எடுத்துக்கிட்டு ஓடுனேன், காலைல காலு வீங்கிப்போச்சு. கண்ட்ரோல் ரூம்ல இருக்கற பையன் ஒருத்தனே முப்பது சைட் பாக்கறானாம், அவனும் எத்தனை தடவை தான் எனக்கு போன் பண்ணுவான். ஒரு கட்டத்துல 4ஆம் ஜோன் பின்பக்கத்தை ம்யூட் பண்ணி வெச்சிட்டான். எனக்கு சொல்லல. அவன் மேல கோவம் இல்லைங்க, அவனும் சம்பளத்துக்கு தான இருக்கான்.

ஜூன் மாசம் நடு ராத்திரில மோட்டார் ஷெட்ல இருந்து காப்பர் கேபிள் 60 மீட்டர் அறுத்துட்டு போயிட்டாங்க. மூணு பேர். ரெக்கார்டிங்ல 2.14ல இருந்து 2.51 வரைக்கும் பட்டப்பகல் மாதிரி தெரியுது, ரெண்டு பேரை கேமரா மனுஷன்னு சரியாவே கட்டம் போட்டு காட்டியிருக்கு, அலெர்ட்டும் போயிருக்கு, ம்யூட்ல இருந்த ஜோனுக்கு. மூணாவது ஆள் கோணிப்பையை தலையோட போத்திக்கிட்டு குந்தி குந்தி வர்றான், அவன் மேல கட்டமே வரல.

காலைல மேனேஜ்மெண்ட் சொன்னது, சூப்பர்வைசர் அலட்சியம். என் சம்பளத்துல 4500, கேட்ல இருந்த ரெண்டு பேருக்கு ஆளுக்கு 2000 புடிக்கப்போறதா ஏஜென்சி சொல்லுது.

இன்னொண்ணும் சொல்லிடறேன், அது தான் எனக்கு மனசே ஆறல. பாய்லர் பக்கம் ஒரு பெரியவர் இருக்காரு, 58 வயசு, சக்கரை, கால்ல ஆறாத புண்ணு. ஏஐ அவரு தூங்கறாருன்னு படத்தோட ரிப்போர்ட் அனுப்பிச்சு 300 ரூபா ஃபைன் போட்டாங்க. அஞ்சு நிமிஷம் அசையாம தலை குனிஞ்சிருந்தா தூக்கம்னு அதுக்கு சொல்லி வெச்சிருக்காங்க. அந்த படத்தை நான் விரலால இழுத்து பெருசு பண்ணி பாத்தேன். அவரு கையில பேனா இருக்கு. மடியில ரவுண்ட்ஸ் ரெஜிஸ்டர் இருக்கு. கண்ணாடி மூக்கு நுனில இறங்கி, லைட்டு பத்தாம நோட்டை மூஞ்சிகிட்ட புடிச்சி எழுதிட்டு இருக்காரு. எழுதறதை தூங்கறாருன்னு சொல்லி 300 ரூபா.

இது எங்க ஒரு எடத்துல மட்டும் நடக்குதா இல்ல எல்லா எடத்துலயுமா? இப்படி சம்பளத்துல புடிக்கலாமா? கேமராவை சரி பண்ண வழி இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கேமரா_மெக்கானிக்
ஞாயிறு, காலை 7.20

ண்ணா, பாலக்கோடு காரிமங்கலம் தர்மபுரி டவுன்னு 15 வருஷமா கேமரா தான் மாட்டிட்டு இருக்கேன். படிச்சிட்டு வயிறு எரியுது. ரெண்டு விஷயம் உடனே பாருங்க.

ஒண்ணு, உங்க 131 அலெர்ட்ல எல்லாமே நாயும் நரியும் இல்ல, சிலந்தியும் சேர்ந்து தான். ராத்திரில கேமராவை சுத்தி லேசா சிவப்பா மினுக்கும் பாருங்க, அது இருட்டுல கேமராவுக்கு கண்ணு தெரியறதுக்கான ஐஆர் எல்இடி லைட்டு. அந்த வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் பூச்சி வரும், பூச்சிக்கு சிலந்தி வரும், வந்து லென்ஸ் முன்னாடி குறுக்கால ஒரு நூலு கட்டிடும். அந்த நூலு லென்ஸுக்கு ரெண்டு இன்ச் தூரத்துல இருக்கறதால ஐஆர் பட்டு படத்துல தாம்புக்கயிறு தடிமனுக்கு வெள்ளையா தெரியும், காத்துல ஆடுனா அலாரம். ஒரு மூங்கில் குச்சில தென்னந்தொடப்பத்தை கட்டி வாரத்துக்கு ஒரு நாள் மேல தட்டி விட்டாலே அலெர்ட் பாதி குறையறதை நான் எத்தனையோ சைட்ல பாத்திருக்கேன். கையில காசு இருந்தா ஐஆர் லைட்டை தனியா வாங்கி கேமராவை விட்டு பத்தடி தள்ளி மாட்டிட்டு கேமராவுல இருக்கற ஐஆரை ஆஃப் பண்ணிடலாம், பூச்சி எல்லாம் அங்க போயிடும்.

ரெண்டாவது தான் முக்கியம். கேமரா ரெக்கார்டிங் பெட்டி இருக்குல்ல, என்விஆர், அதுல ஈவென்ட் மெனுவுக்குள்ள போய் பாருங்க. பெட்டி மேல ஏஐன்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான், உள்ள பாத்தா பழைய மோஷன் டிடெக்ஷனே ஆன்ல இருக்கும். அது மனுஷனை தேடாது, படத்துல எது மாறுனாலும் அடிக்கும், இலை ஆடுனாலும் மழை பேஞ்சாலும். மனுஷன், வண்டி மட்டும் பாருன்னு தனியா ஒரு ஃபில்டர் இருக்கும், அதை டிக் பண்ணணும். கேமராவை மாட்ட வந்த பசங்களுக்கு ஒரு கேமராவுக்கு இவ்ளோன்னு கூலி, 24ஐயும் ரெண்டு நாள்ல முடிச்சிட்டு அடுத்த சைட்டுக்கு ஓடியிருப்பாங்க, ராத்திரில ஒரு நாள் தங்கி செட் பண்ணியிருக்க மாட்டாங்க. இந்த வேலைல ராத்திரி தங்காம செட்டிங் முடிச்சேன்னு சொன்னா அது முடிக்கலைன்னு தான் அர்த்தம், நான் சின்ன பசங்களுக்கும் இதை தான் சொல்றது.

அப்புறம் கேமரா கவனிக்கற ஏரியாவை கொட்டை குவியல் மேல போடாதீங்க, செவுத்து தலைப்புல ஒரு கோடு போடுங்க, வெளிய இருந்து உள்ள வர்ற பக்கத்துக்கு மட்டும். நாய் சாக்கடைல வருது, செவுரு தாண்டாது. அதை விட சின்னதுக்கு அடிக்காம இருக்க குறைஞ்சபட்ச சைஸும் வைங்க. கோணி போத்துனவனை புடிக்கலன்னீங்களே, அதுல ஆச்சரியமே இல்ல, அதுக்கு கத்துக்குடுத்த படத்துல பெரும்பாலும் நின்னுக்கிட்டோ நடந்துக்கிட்டோ இருக்கற மனுஷன் தான். சாக்கு மூட்டை மாதிரி வந்தா மூட்டைன்னு தான் நெனைக்கும்.

சூட்டை வெச்சி ஆளை காட்டற தெர்மல் கேமரா வாங்கலாமான்னு கேப்பாங்க, நம்ம ஊர்ல யோசிச்சு வாங்கணும். கிரானைட் யார்டு ஒண்ணுல மாட்னேன், வெயில்ல காஞ்ச கல்லு ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் சூடு இறங்கல, மனுஷன் சூடும் கல்லு சூடும் ஒண்ணா இருந்தா தெர்மல்ல ஆள் தெரியறது கஷ்டம். நடு ராத்திரிக்கு மேல அருமையா இருக்கும்.


பாரா_ஹவில்தார்
ஞாயிறு, காலை 8.05

தம்பி, 17 வருஷம் ஆர்மில பாரா நின்னவன் சொல்றேன். சென்ட்ரி போஸ்ட்டோட பலமே ஆள் பாக்கறான்னு வெளிய இருக்கறவனுக்கு தெரியறது தான். பின்பக்கம் ஆள் இல்லைன்னு ரெண்டு நாள்ல ஊருக்கே தெரிஞ்சிடும். உங்க சைட்ல கேபிள் எங்க இருக்கு, கேமரா எங்க பாக்குதுன்னு தெரிஞ்சவன் தான் வந்திருப்பான்.

2021 ஜனவரில ஓசூர் பாகலூர் ரோட்டுல நகைக்கடன் ஆபீஸ்ல துப்பாக்கியோட பூந்து 25 கிலோ தங்கம் எடுத்துட்டு போனாங்களே, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அங்கயும் முதல் அடி செக்யூரிட்டிக்கு தான் விழுந்துச்சு. நகை பையில வெச்சிருந்த ஜிபிஎஸ் வழி காட்டுச்சு, அதை வெச்சி அடுத்த நாளே ஹைதராபாத் பக்கம் போலீஸ் மடக்குச்சு. கருவி இல்லன்னா கெடைச்சிருக்காது, துரத்த ஆள் இல்லன்னாலும் கெடைச்சிருக்காது. உங்க ஃபேக்டரில கருவியை வாங்கிட்டு துரத்தற ஆளை அனுப்பிட்டாங்க.

தனியார் செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்கான பசாரா சட்டம் 2005, அதுக்கான மாடல் ரூல்ஸ்ல ஒரு கார்டுக்கு 100 மணி நேரம் கிளாஸ், 60 மணி நேரம் ஃபீல்டு டிரெயினிங், குறைஞ்சது 20 வேலை நாள்ல குடுக்கணும்னு இருக்கு. தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தை கட்டுப்படுத்தறது, ஐடி கார்டு பாக்கறது, எஃப்ஐஆர் குடுக்கறது வரைக்கும் பாடம். அலாரம், ஸ்கிரீனிங் கருவி கையாள்றதுக்கும் ஒரு வரி இருக்கு. உங்க பசங்களுக்கு அந்த ஏஐ ஆப்பை எத்தனை மணி நேரம் சொல்லிக்குடுத்தாங்கன்னு எழுதி கேளுங்க.


பர்கூர்_நைட்டூட்டி
ஞாயிறு, காலை 9.31

ஐயா, வாட்ஸப்ல ஒரு வீடியோ அனுப்பிச்சாங்க, 3 நிமிஷம், இந்தில. அவ்ளோ தான் டிரெயினிங்.


சிப்காட்_மேனேஜர்
ஞாயிறு, காலை 11.14

நான் எதிர்ப்பக்கம் இருந்து பேசறேன், திட்டாதீங்க. ஓசூர் பக்கம் ஒரு பார்ட்ஸ் கம்பெனில அட்மின் பாக்கறேன். நாங்க ஏன் கேமராவுக்கு போனோம்னா, ரெண்டு வருஷம் முன்னாடி எங்க டீசல் டேங்க்ல மாசா மாசம் கணக்கு இடிச்சுது, தேடிப்பாத்தா கேட்ல இருந்தவரும் டேங்கர் டிரைவரும் சேர்ந்து பண்ணது. எல்லா செக்யூரிட்டியும் அப்படின்னு சொல்லல. ஆனா ராத்திரி 3 மணிக்கு நான் நேர்ல போய் பாத்தப்ப 6 பேர்ல 4 பேர் தூங்கிட்டு இருந்தாங்க, இது உண்மை. முதலாளி கேக்கறாரு, தூங்கறதுக்கா மாசம் பில்லு கட்டறோம்னு. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது? கேமரா வந்த பிறகு வண்டி நம்பரை தானா எழுதிக்குது, போலி கேட் பாஸ் நின்னு போச்சு. நல்லதும் இருக்கு.


பர்கூர்_நைட்டூட்டி
ஞாயிறு, மதியம் 12.40

சார், மறைக்காம கேட்டதுக்கு நானும் மறைக்காம சொல்றேன். தூங்கறாங்க, என் பசங்களும் தூங்குனது உண்டு. ஏன் தூங்கறாங்கன்னு நீங்க ஒரு தடவை மஸ்டர் ரோலை, அதான் வருகை பதிவேட்டை, வாங்கி பாருங்க. 12 மணி நேர டூட்டி, மாத்திவிட வர்ற ரிலீவர் வரலன்னா அப்படியே டபுள், 24 மணி நேரம். காலைல ஊருக்கு போய் களத்துல நின்னுட்டு சாயங்காலம் திரும்பி வர்றவங்க பாதி பேரு. 9 பேரை 5 ஆக்குனா அந்த டபுள் டூட்டி கூடுமா குறையுமா? தூங்காம இருக்க ஆள் வேணும்னா தூங்கறதுக்கு நேரம் குடுக்கணும். கேமரா அவன் தலை குனியறதை தான் பாக்குது, அவன் நேத்து காலைல இருந்து நிக்கறானான்னு பாக்கல. அந்த கணக்கும் மூஞ்சியை பாத்து வருகை போடற ஃபேஸ் அட்டெண்டன்ஸ் மெஷின்ல தான சார் இருக்கு, 24 மணி நேரம் ஆனவனை டூட்டில ஏத்தாதேன்னு ஒரு அலெர்ட் வெக்கலாமே. அதை யாரும் கேட்டு வாங்கறது இல்ல.


சிப்காட்_மேனேஜர்
ஞாயிறு, மதியம் 1.02

இது நான் யோசிக்காத விஷயம். எங்க மெஷின்ல அப்படி செட் பண்ண முடியுமான்னு நாளைக்கே வெண்டர் கிட்ட கேக்கறேன்.


கேட்_அக்கா
ஞாயிறு, மாலை 4.50

நானும் சொல்லலாமா. சூளகிரி பக்கம் ஒரு பெரிய ஃபேக்டரில லேடி கார்டா இருக்கேன், பொண்ணுங்க ஆயிரக்கணக்குல வேலை பாக்கற எடம், உள்ள போறப்ப செக் பண்றது எங்க வேலை. எங்களுக்கே ஃபேஸ் அட்டெண்டன்ஸ் தான். மெஷினை கேட்டுக்கு கிழக்கு பாத்தாப்புல வெச்சிருக்காங்க, அதாவது நாங்க அது முன்னாடி நின்னா எங்க முதுகுக்கு பின்னாடி சூரியன் வரும். காலைல 6 மணி ஷிப்ட்டுக்கு போய் நின்னா மூஞ்சி கருப்பா தான் தெரியும். எனக்கும் இன்னொரு பொண்ணுக்கும் தினமும் நாலு அஞ்சு தடவை நாட் மேட்ச்சுன்னு வரும். கொஞ்சம் செவப்பா இருக்கற பொண்ணுங்களுக்கு ஒரே தடவைல எடுத்துக்கும். நான் என்ன பண்ணுவேன், துப்பட்டாவை எடுத்து பின்னாடி மறைச்சு புடிக்க சொல்லி பக்கத்துல இருக்கற பொண்ணை நிக்க வெப்பேன், அப்ப எடுத்துக்கும். 6.10 தாண்டிட்டா அரை நாள் கட். நான் 5.50க்கே கேட்ல நின்னது கேமராவுலயே இருக்கும், ஆனா அதை யாரும் பாக்க மாட்டாங்க, மெஷின் சொன்னது தான் கணக்கு. மூணு மாசத்துல ஏழு அரை நாள் போச்சு எனக்கு.

ஆனா ஒண்ணு சொல்லணும், கேமராவே வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை லாரி டிரைவர் ஒருத்தன் குடிச்சிட்டு வந்து கேபின்ல என் கைய புடிச்சான். நான் சொன்னா நம்பியிருப்பாங்களான்னு தெரியாது. கேமராவுல இருந்துச்சு, சத்தத்தோட இருந்துச்சு, அன்னைக்கே அவனை போலீஸ்ல குடுத்தாங்க. அதனால தான் சொல்றேன், யாரை பாக்கறதுக்கு கேமரான்னு தெளிவா இருந்தா நாங்களே அதை தொடச்சி வெச்சி பாத்துப்போம்.


ஓசூர்_டெவ்
ஞாயிறு, இரவு 8.26

அக்கா சொன்ன விஷயம் உலகத்துக்கே தெரிஞ்ச குறை. 2018ல அமெரிக்காவுல எம்ஐடி யுனிவர்சிட்டில இருந்த ஜாய் புவலம்வினியும் மைக்ரோசாஃப்ட்ல இருந்த டிம்னிட் கெப்ருவும் பண்ண ஆய்வுல, மூஞ்சியை பாத்து ஆணா பொண்ணான்னு சொல்ற சாஃப்ட்வேர் வெளுப்பான ஆம்பளைங்களுக்கு அதிகபட்சம் 0.8 சதவீதம் தப்பு பண்ணுச்சு, கருப்பான பொண்ணுங்களுக்கு 34.7 சதவீதம் வரைக்கும் தப்பு பண்ணுச்சு. அதுக்கப்புறம் நிறைய திருத்தியிருக்காங்க, ஆனா பின்னாடி வெயில் அடிக்கற எடத்துல மெஷினை மாட்னா எந்த சாஃப்ட்வேரும் தடுமாறும். மெஷினை திருப்பி மாட்ட ஒரு டிரில்லிங் மெஷினும் அரை மணி நேரமும் போதும். அதை செய்யாம ஏழு அரை நாள் சம்பளத்தை வெட்டியிருக்காங்க.

பர்கூர் அண்ணா, உங்க அலெர்ட் விஷயத்துக்கு ஒரு கணக்கு சொல்றேன், மேனேஜ்மெண்ட் கிட்ட இதை போட்டு காட்டுங்க. ஒரு கேமரா ஒரு ராத்திரிக்கு 1000 அசைவு பாக்குதுன்னு வைங்க, நாய், இலை, பூச்சி எல்லாம் சேர்த்து. சாஃப்ட்வேர் 99 சதவீதம் சரியா சொல்லுதுன்னு விக்கறவன் சொல்றான், அது உண்மைன்னே வெச்சிக்கிட்டாலும் 10 தப்பு. 24 கேமராவுக்கு 240. நெஜ திருடன் வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்றான். அப்ப ஒவ்வொரு ராத்திரியும் 240 பொய் அலாரத்துக்கு நடுவுல தான் அந்த ஒரு நெஜம் வரும். 99 சதவீதம்னு கேட்டா பெருசா தெரியும், ராத்திரி முழிச்சிருக்கறவனுக்கு தான் அதோட பாரம் தெரியும். அதனால ம்யூட் பண்ணது அந்த பையனோட தப்புன்னு முடிச்சிடக்கூடாது, ஒரு ஆளுக்கு எத்தனை அலாரம்னு கணக்கு போடாம சிஸ்டத்தை வித்ததும் வாங்குனதும் தான் தப்பு.

வெளிநாட்டுலயும் இது தான் நடந்துச்சு. அமெரிக்காவுல ரைட் எய்டுன்னு பெரிய மருந்துக்கடை கம்பெனி, திருடங்களை புடிக்க, மூஞ்சியை வெச்சி ஆளை அடையாளம் காட்டற ஃபேஸ் ரெகக்னிஷன் வெச்சி, ஒண்ணும் செய்யாதவங்களை எல்லாம் கடை ஆளுங்க பின்தொடர்ந்து, வெளிய போகச்சொல்லி அவமானப்படுத்தினாங்க. 2023 டிசம்பர்ல அங்க நுகர்வோர் பாதுகாப்பை பாக்கற அரசு அமைப்பான எஃப்டிசி, அந்த கம்பெனி 5 வருஷத்துக்கு கேமராவுல அதை பயன்படுத்தவே கூடாதுன்னு தடை போட்டுச்சு. மெஷின் தப்பா சொல்லும்னு தெரிஞ்சும் அதை சோதிக்காம, ஆளுங்களுக்கு சொல்லிக்குடுக்காம விட்டது தான் அவங்க மேல வந்த முக்கியமான குத்தம். உங்க 3 நிமிஷ வாட்ஸப் வீடியோ ஞாபகம் வருது.


தளி_ரோடு
ஞாயிறு, இரவு 9.15

செக்யூரிட்டி இல்லைன்னாலும் ஒண்ணு சொல்றேன். நம்ம தேன்கனிக்கோட்டை தளி பக்கம் யானை தொல்லை எல்லாருக்கும் தெரியும், ராகி அறுப்பு சமயத்துல ராத்திரி பரண்ல உக்காந்து தான் காவல். கோயம்புத்தூர் மதுக்கரைல ரயில் தண்டவாளத்துல யானை அடிபடாம இருக்க 2024 பிப்ரவரில ஏஐ கேமரா வெச்சாங்க, 12 டவர், தெர்மலும் சாதா கேமராவும், 7.24 கோடி செலவு. அங்க கேமரா யானையை பாத்ததும் தகவல் கண்ட்ரோல் ரூமுக்கு போகுது, அங்க இருந்து ரயில் ஓட்டறவருக்கும் வனத்துறை ஆளுங்களுக்கும் போகுது, ஆளுங்க போய் யானையை திருப்பி விடறாங்க. அங்க யாரும் கேமரா வந்துடுச்சுன்னு வனக்காவலரை வூட்டுக்கு அனுப்பல. அதை மாதிரி எங்க கிராமத்துக்கும் வரணும்னு தான் நாங்க கேட்டுட்டு இருக்கோம்.


பென்னாகரம்_ரோடு
திங்கள், காலை 6.48

நான் சின்னதா ஏஜென்சி வெச்சிருக்கேன், தர்மபுரில, 70 பேர். பர்கூர் தம்பி எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். ஏஜென்சி பக்கம் என்ன நடக்குதுன்னு சொல்றேன். கிளையண்ட் கொட்டேஷன் கேக்கறப்ப நாலு ஏஜென்சி போட்டி போடும், யாரு ரேட்டு கம்மியோ அவனுக்கு தான். பிஎஃப், ஈஎஸ்ஐ, போனஸ், யூனிஃபார்ம், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, எல்லாம் போக சர்வீஸ் சார்ஜுன்னு நமக்கு நிக்கறது கொஞ்சம். அந்த நேரத்துல கேமரா கம்பெனிக்காரன் வந்து, நாலு ஆளை குறைங்க, அந்த காசுல பாதிக்கு கேமரா வாடகைக்கு தரேன்னு சொல்றான். முதலாளிக்கு பேப்பர்ல அது லாபமா தான் தெரியும். எனக்கும் ஒரு நூற்பாலைல 6 பேர் போனாங்க. அதுல ரெண்டு பேருக்கு வேற பாயிண்ட் குடுக்க முடிஞ்சுது, மத்தவங்க பெங்களூர் அப்பார்ட்மெண்ட்டுக்கு போயிட்டாங்க.

நான் அதுல இருந்து கத்துக்கிட்டது, அக்ரிமெண்ட்ல எழுதாம கேமரா சைட்டை எடுக்கவே கூடாது. இப்ப நான் எழுதி வாங்கறது என்னன்னா, அலெர்ட் முதல்ல சைட்ல இருக்கற சூப்பர்வைசருக்கு வரணும், எந்த ஜோனை யார் எப்ப ம்யூட் பண்ணாலும் சூப்பர்வைசர் போனுக்கு மெசேஜ் வரணும், ம்யூட்ல இருக்கற எடத்துல களவு போனா ஏஜென்சி பொறுப்பு இல்ல, அதோட அலெர்ட்டுக்கு போய் பாக்கறதுக்குன்னே ஒரு ஆள் வண்டியோட தனியா. இந்த கடைசி ஆளுக்கு தான் எல்லாரும் முரண்டு புடிப்பாங்க. அலாரம் அடிச்சா கேட்ல இருக்கறவன் ஓடுனா கேட்ல யாரு நிப்பான்னு கேட்டா தான் இறங்கி வருவாங்க.

தம்பி, உங்க ஏஜென்சி இதை எழுதி வாங்காம விட்டது உங்க ஏஜென்சி தப்பு. அதை உங்க தலைல கட்டறது நியாயமே இல்ல.


லேபர்_கோர்ட்டு
திங்கள், காலை 10.30

பிடித்தம் பத்தி கேட்டிருந்தீங்க. ஓசூர்ல தொழிலாளர் கேஸ் பாக்கறேன்.

300 ரூபா ஃபைன்: பழைய 1936 பேமெண்ட் ஆஃப் வேஜஸ் சட்டத்துலயும், அதுக்கு பதிலா வந்த 2019 வேஜஸ் கோட்லயும் இதுக்கு ஒரே மாதிரி தான் சொல்லியிருக்கு. அரசு ஒப்புதல் குடுத்த பட்டியல்ல இருக்கற தப்புக்கு மட்டும் தான் ஃபைன், அதை நோட்டீஸ் ஒட்டியிருக்கணும், ஃபைன் போடறதுக்கு முன்னாடி அந்த ஆள் கிட்ட விளக்கம் கேட்டிருக்கணும், அந்த மாச சம்பளத்துல 3 சதவீதத்தை தாண்டக்கூடாது. பெரியவர் கிட்ட யாராவது விளக்கம் கேட்டாங்களா? படத்தை அனுப்பறது விளக்கம் கேக்கறது ஆகாது. கையில பேனா இருக்கற அந்த படத்தை பத்திரமா வைங்க, அவரு எழுதின அந்த பக்கத்தையும் நேரம் தெரியற மாதிரி போட்டோ எடுத்து வைங்க.

கேபிளுக்கு 4500: பொருள் நஷ்டத்துக்கு சம்பளத்துல புடிக்கணும்னா, அந்த பொருளை உங்க பொறுப்புல ஒப்படைச்சிருக்கணும், நஷ்டம் நேரடியா உங்க கவனக்குறைவால வந்ததா இருக்கணும், அப்பவும் விளக்கம் கேட்டுட்டு தான் புடிக்கணும். பின்பக்கம் ஆளை குறைச்சது நீங்க இல்ல, ம்யூட் பண்ணது நீங்க இல்ல, உங்களுக்கு சொல்லவும் இல்ல. ம்யூட் பண்ண தேதி, நேரம், யாரோட லாகின்னு சிஸ்டம்ல லாக்குன்னு ஒரு பதிவு இருக்கும். அதை கேட்டு எழுத்துல குடுங்க, ஏஜென்சிக்கு ஒரு காப்பி, கம்பெனிக்கு ஒரு காப்பி. பழைய ரெக்கார்டிங் மேல புதுசு எழுதறதுக்குள்ள கேளுங்க.

இன்னொண்ணு, ஃபேஸ் அட்டெண்டன்ஸ்க்கு எடுக்கற மூஞ்சி எல்லாம் எங்க போகுதுன்னு யாரும் கேக்கறதில்ல. 2024 மே மாசத்துல தமிழ்நாடு போலீஸோட ஃபேஸ் ரெகக்னிஷன் போர்ட்டலுக்குள்ளயே ஒரு லாகினை திருடிக்கிட்டு பூந்துட்டாங்க. போலீஸுக்கே அந்த நெலமைன்னா அட்மின் 1234ன்னு பாஸ்வேர்ட் வெச்சிருக்கற ஃபேக்டரில என்ன நடக்கும்? 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் இருக்கு, அதை சொல்லி கேளுங்க.


கேமரா_மெக்கானிக்
திங்கள், காலை 11.05

வக்கீல் சார் சொன்ன பாஸ்வேர்ட் விஷயம் நூத்துக்கு நூறு. 2025 ஏப்ரல் 9ல இருந்து அரசு டெஸ்டிங் சர்டிபிகேட் இல்லாத மாடலை புதுசா விக்கக்கூடாதுன்னு ஆயிடுச்சு, உள்ள இருக்கற சாஃப்ட்வேர் பாதுகாப்பா இருக்கான்னு பாக்கறதுக்கு. வாங்கறப்ப மாடல் நம்பரை வெச்சி சர்டிபிகேட் கேளுங்க.


பர்கூர்_நைட்டூட்டி
வியாழன், இரவு 10.17

எல்லாருக்கும் நடந்ததை சொல்லணும்.

திங்கள் ராத்திரி மெனுவுக்குள்ள போய் பாத்தேன். மெக்கானிக் தம்பி சொன்னது அப்படியே, 24ல 19 கேமராவுல மோஷன் தான் ஆன், மனுஷன் ஃபில்டர் எதுலயும் டிக் இல்ல. அதை போட்டோ எடுத்துக்கிட்டேன். செவ்வாய் காலைல வக்கீல் சார் சொன்ன மாதிரி லெட்டர் எழுதி, பெரியவரையும் சேர்த்து என் பசங்க 4 பேரும் கையெழுத்து போட்டாங்க. ஹெச்ஆர்ல குடுத்தப்ப முதல்ல வாங்கல, ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பறேன்னதும் வாங்கிட்டாங்க. லாக் எடுத்து பாத்ததுல ம்யூட் பண்ணது ஜூன் 3ஆம் தேதி, கேபிள் போறதுக்கு பத்து நாளைக்கு மேல முன்னாடி. அதை எழுத்துல பாத்தப்புறம் ஃபேக்டரி மேனேஜர் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

இப்போதைக்கு 4500 பிடித்தத்தை நிறுத்தி வெச்சிருக்காங்க, ரத்துன்னு இன்னும் எழுதித்தரல. கேட் பசங்க ரெண்டு பேருதும் நிறுத்தி வெச்சிருக்கு. பெரியவருக்கு 300 திருப்பி குடுத்துட்டாங்க. அவரு பாயிண்ட்ல ஒரு டியூப் லைட்டும் போட்டிருக்காங்க. பின்பக்கத்துக்கு ஒரு ஆள் திரும்ப வருது, ரெண்டு கேட்டேன் ஒண்ணு தான் குடுத்தாங்க, விடமாட்டேன், ஏஜென்சி அண்ணன் சொன்ன அந்த வண்டியோட ஒரு ஆள் கண்டிஷனை அடுத்த வாரம் மீட்டிங்ல வெக்கறேன்.

நேத்து ராத்திரி மனுஷன் ஃபில்டர் போட்டு, செவுத்து மேல கோடு போட்டு விட்டோம். மொத்தம் 9 அலெர்ட். அதுல 2 நம்ம ஆளே ரவுண்ட்ஸ் போனது. மீதியை நானே போய் பாத்தேன், ஒண்ணு செவுத்து மேல ஏறுன பூனை, மத்ததெல்லாம் கேமரா 17ல மட்டும், அங்க போனா ஒண்ணுமே இல்ல.


கேமரா_மெக்கானிக்
வியாழன், இரவு 10.29

17ல டார்ச்சை நேரா லென்ஸ் மேல அடிக்காம பக்கவாட்டுல அடிச்சு பாருங்கண்ணா.


பர்கூர்_நைட்டூட்டி
வியாழன், இரவு 11.03

பாத்தேன் தம்பி. குறுக்கால ஒரே ஒரு நூலு, அது நடுவுல கடுகு அளவு சிலந்தி. பெரியவர் தென்னந்தொடப்பத்தை மூங்கில்ல கட்டிக்கிட்டு இருக்காரு.


கேட்_அக்கா
வெள்ளி, காலை 6.35

அண்ணா, நீங்க குடுத்த லெட்டரை பேரெல்லாம் மறைச்சிட்டு இங்க போடுவீங்களா? எங்க கேட்ல 11 பொண்ணுங்க கையெழுத்து போடறேன்னு சொல்றாங்க. நான் 5.50க்கு நின்ன ரெக்கார்டிங்கை முதல்ல கேட்டு வாங்கணும்.


பர்கூர்_நைட்டூட்டி
வெள்ளி, காலை 7.10

டூட்டி முடிஞ்சி இப்ப தான் பஸ் ஏறுனேன் அக்கா. வூட்டுக்கு போனதும் டைப் பண்ணி போடறேன்.